அடித்தல் திருத்தம் இல்லாத ரெஜிஸ்டரை நான் நம்புவதில்லை

மாம்பழக்கூழ் சீசன் தொடங்கினால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கழிவுநீர் லேப்களுக்கும் சீசன்தான். காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கமிருந்து கேன் கேனாக மாதிரி வந்து இறங்கும். இந்த முறை ஒரு கூழ் ஆலைக்காரர் வேறொரு லேபின் ரிப்போர்ட்டோடு என்னிடம் வந்தார். சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு சி.ஓ.டி. 212 மில்லிகிராம், பி.ஓ.டி. 240 மில்லிகிராம் என்று அதில் இருந்தது. சி.ஓ.டி. என்பது தண்ணீரிலுள்ள கழிவை ரசாயனத்தால் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன். பி.ஓ.டி. என்பது அதில் நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய பங்குக்கு மட்டும் தேவையான ஆக்சிஜன். அதனால் கூழ் ஆலைத் தண்ணீரில் சி.ஓ.டி.யைத் தாண்டி பி.ஓ.டி. வரவே வராது. டைப் செய்தவர், கையெழுத்துப் போட்டவர் என்று யார் கண்ணிலும் அது படவில்லை.

எங்கே பிசகியது என்று பார்க்க அந்த லேபின் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கினோம். முத்து முத்தான கையெழுத்து, பக்கம் முழுக்க ஒரே நீல மை, ஓர் அடித்தல்கூட இல்லை. ஆனால் எந்த பாட்டில், எத்தனை மி.லி. மாதிரி, பிளாங்க் (மாதிரி சேர்க்காமல் செய்யும் சோதனை) எவ்வளவு, பியூரெட் (ரசாயனத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) ரீடிங் என்ன என்று எதுவுமே இல்லை. கடைசி எண் மட்டும்தான். மாதிரியையும் கொட்டிவிட்டார்கள். ஆலைக்காரருக்குப் பதில் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லாமல் போனது. இப்படிப்பட்ட ரெஜிஸ்டர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் லேப்களில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. வேலை செய்யும்போது துண்டுச் சீட்டில், டிஷ்யூ பேப்பரில், சில சமயம் உள்ளங்கையில்கூட ரீடிங்கைக் குறித்துக்கொள்வது. சாயந்திரம் உட்கார்ந்து அதை "ஃபேராக" ரெஜிஸ்டரில் ஏற்றிவிட்டு, சீட்டைக் குப்பையில் போடுவது. பள்ளிக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டுக்கு மார்க் வாங்கிய பழக்கம் இது. சுத்தமாக இருந்தால் நல்ல ரெஜிஸ்டர் என்று நினைக்கிறார்கள். தணிக்கைக்கு வருபவர் அழகான பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டுவார் என்று நினைக்கிறார்கள். அனுபவமுள்ள தணிக்கையாளர் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பக்கத்தைத்தான்.

குப்பைக்குப் போன சீட்டுதான் உண்மையான பதிவு. ரெஜிஸ்டரில் இருப்பது நகல். நகல் எடுக்கும்போது என்ன நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டிலில் 30 மி.லி. மாதிரி, அதாவது பத்து மடங்கு நீர்த்தல். முதல் நாள் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6.4 மில்லிகிராம். மூன்றாம் நாள் 3.1. வித்தியாசம் 3.3, பத்தால் பெருக்கினால் பி.ஓ.டி. 33. ஆற்றிலோ ஓடையிலோ விடுவதற்கான வரம்பு 30 என்பதால் இது ஃபெயில். சீட்டில் அவசரமாகக் கிறுக்கிய 3.1 சாயந்திரம் 3.7 ஆகத் தெரிந்தால்? வித்தியாசம் 2.7, பி.ஓ.டி. 27, பாஸ். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் காசு வாங்கவில்லை. ஒரு கோடு கொஞ்சம் வளைந்ததில் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிட்டது. சீட்டு கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அதுதான் குப்பைக்குப் போய்விட்டதே.

அதனால் ரீடிங் பியூரெட்டிலிருந்து நேராக ரெஜிஸ்டருக்குப் போக வேண்டும். அதில் ஆசிட் துளி பட்டுக் கறையாகட்டும், பரவாயில்லை. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு. பழைய எண் அடியில் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், காரணம், இனிஷியல், தேதி. அவ்வளவுதான் வேலை. லேப்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ./ஐ.ஈ.சி. 17025-இன் 2017 பதிப்பு கேட்பதும் இதைத்தான்: பழைய தகவல், திருத்திய தகவல் இரண்டும் இருக்க வேண்டும், எதை மாற்றினார்கள், யார், எந்தத் தேதியில் என்பது தெரிய வேண்டும். லேபில் ஒயிட்னர் பாட்டில் இருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். பென்சிலும் வேண்டாம்.

இன்குபேட்டர் (பாட்டில்களை ஒரே வெப்பநிலையில் வைக்கும் பெட்டி) லாக் புக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் பி.ஓ.டி.யை 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்க்கிறோம். தர்மபுரி வெயிலில் மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் இன்குபேட்டருக்குள் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் லாக் புக்கைத் திறந்தால் 27.0, 27.0, 27.0 என்று மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருக்கும். கரண்ட் இல்லாத நாளிலும் 27.0, லேபே பூட்டியிருந்த பொங்கலன்றும் 27.0. கரண்ட் போனது குற்றமில்லை. "மதியம் மின்தடை, உள்ளே 31" என்று எழுதினால் அந்த பேட்ச் செல்லுமா செல்லாதா என்று முடிவெடுக்கலாம். எழுதாவிட்டால் எதையுமே முடிவெடுக்க முடியாது.

வியாழக்கிழமை வைத்த பி.ஓ.டி.யை ஞாயிற்றுக்கிழமை எடுக்க வேண்டும். ஞாயிறு லீவு. அதனால் திங்கள்கிழமை எடுத்து ஞாயிறு தேதி போடுவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஞாயிறு ஆள் வர முடியாதென்றால் வியாழன் பி.ஓ.டி. வைக்காதபடி மாதிரி எடுக்கும் நாளைத் திட்டமிடுங்கள்.

பிளாங்க், டூப்ளிகேட் (அதே மாதிரியை இரண்டாவது முறை செய்வது), செக் ஸ்டாண்டர்டு (விடை முன்பே தெரிந்த கரைசல்) மூன்றையும் நேரம் மிஞ்சினால் செய்யும் வேலை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பேட்சிலும் வைக்க வேண்டும். பி.ஓ.டி. நீர்த்தல் நீரின் பிளாங்க் 0.2-க்கு மேல் ஆக்சிஜனைத் தின்றால் தண்ணீரிலோ பாட்டிலிலோ கோளாறு. செக் ஸ்டாண்டர்டுக்குப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் லிட்டருக்கு 425 மில்லிகிராம் கரைத்தால் சி.ஓ.டி. 500 வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கு ரிப்போர்ட் கிடையாது. சி.ஓ.டி. சோதனையில் பியூரெட்டில் ஊற்றும் ஃபெரஸ் அமோனியம் சல்பேட்டின் வலிமை நாளுக்கு நாள் இறங்கும் என்று தெரிந்தும் போன வாரக் கணக்கையே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் 0.097 இருப்பதை 0.1 என்று எடுத்துக்கொண்டால் 250 இருக்க வேண்டிய சி.ஓ.டி. 258 ஆகிவிடும். 250 வரை அனுமதி என்பதால், ஒழுங்காக ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஓட்டியவருக்கு நோட்டீஸ் போகும்.

இன்னொரு வழக்கம் எனக்கு இதைவிட வருத்தம் தருகிறது. ரிசல்ட் வரம்புக்கு மேலே வந்தால் மட்டும் மறுபடி செய்து பார்ப்பது. கீழே வந்தால் கேள்வியே கேட்பதில்லை. மேலே வந்ததில் தவறு இருக்கலாம் என்றால் கீழே வந்ததிலும் இருக்கலாம்தானே? மறுசோதனைக்கு ஒரே விதி வையுங்கள். டூப்ளிகேட் ஒத்துப்போகவில்லை, ஸ்டாண்டர்டு தவறியது என்று காரணம் எழுதி மறுபடி செய்யுங்கள். இரண்டு ரிசல்ட்டும் ரெஜிஸ்டரில் இருக்கட்டும்.

தொழிற்சாலைகளுக்கும் ஒரு வார்த்தை. பூச்சிமருந்து கேனைக் கழுவி மாதிரி பிடித்து அனுப்பாதீர்கள். ஜவ்வரிசி ஆலைத் தண்ணீர் கேனுக்குள்ளேயே புளித்து பி.எச். இறங்கிவிடும், அதை எடுத்த இடத்திலேயே பாருங்கள். சி.ஓ.டி.க்குத் தனி பாட்டில், சல்ஃப்யூரிக் ஆசிட் விட்டு பி.எச். 2-க்குக் கீழே. பி.ஓ.டி.க்கு ஆசிட் விடக்கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவர வேண்டும். லேபிளில் யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, இன்லெட்டா அவுட்லெட்டா என்று இல்லாத கேனை வாங்கவே வேண்டாம் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கோபப்படுகிறார்கள். படட்டும்.

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் தென்பெண்ணையில் நுரை மலைபோல் எழுவதைப் படமாகப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரிலிருந்து வந்ததா, இங்கே கலந்ததா என்று ஆளாளுக்குப் பேசுகிறோம். அந்தத் தண்ணீர் கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணைக்கும், அதைத் தாண்டி சாத்தனூருக்கும் போகிறது. வழியெல்லாம் வயல். பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நின்றால் அங்கே எடுபடுவது எந்த நாளில், எந்த இடத்தில், யார் எடுத்த மாதிரியில் எவ்வளவு இருந்தது என்ற பதிவுதான். அடியில் ரா டேட்டா (சோதனையின்போதே எழுதிய ரீடிங்குகள்) இல்லாத ரிப்போர்ட்டை எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிடத்தில் ஒதுக்கிவிடுவார். நஷ்டம் அந்த வயல்காரருக்கு.

ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுக்கும் முதலாளிகள் அடுத்த முறை இதைக் கேளுங்கள்: "இந்த மாதிரியின் பெஞ்ச் ஷீட் (சோதனை செய்யும்போதே ரீடிங் எழுதிய தாள்) நகலையும், அந்த பேட்சின் பிளாங்க், ஸ்டாண்டர்டு ரீடிங்கையும் காட்டுங்கள்." இது உங்கள் மாதிரியின் தகவல், தாராளமாகக் கேட்கலாம். நல்ல லேப் எடுத்து நீட்டும். மழுப்பினால் வேறு லேபுக்குப் போங்கள். அப்புறம், காலையில் மாதிரி கொடுத்துவிட்டு மறுநாளே பி.ஓ.டி. ரிப்போர்ட் வேண்டும் என்று நெருக்காதீர்கள். மறுநாளே கொடுக்கிறேன் என்று ஒரு லேப் சொன்னால், அங்கே மாதிரியே கொடுக்காதீர்கள்.