ஒரு மில்லிமீட்டர் கண்

திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதுவது, மற்ற வண்ணங்களெல்லாம் முடிந்தபின் செய்யும் வேலை. ஒரு முழ உயரமுள்ள மண் பொம்மையில் வெள்ளை விழிக்கும் கருவிழிக்கும் இமைக்கும் புருவத்துக்கும் தாராளமாக இடமிருக்கிறது. 54 மில்லிமீட்டர் உயரமே உள்ள உலோகச் சிப்பாய்ப் பொம்மையில் அந்த இடம் இல்லை.

இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈய வார்ப்பில் செய்யத் தொடங்கிய சிப்பாய்களால் பரவலான அளவு அது. ஏறத்தாழ ஆளின் உயரத்தில் 32இல் ஒரு பங்கு. மனிதக் கண்ணின் அகலம் சுமார் 30 மில்லிமீட்டர் என்றால், சிப்பாயின் கண் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. இமைகளின் இடைவெளி 0.3 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். நல்ல பார்வையுள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தொலைவில் அதுவும் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர்தான். அலமாரியில் இருக்கும் சிப்பாயை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, உண்மையான ஆளை 32 மீட்டருக்கு அப்பால், அதாவது கிரிக்கெட் ஆடுகளத்தைப் போல ஒன்றரை மடங்கு தொலைவில், பார்ப்பதற்குச் சமம். அங்கே வெள்ளை விழி யாருக்குத் தெரிகிறது? புருவத்தின் கீழ் நிழல் படிந்த ஒரு கரும்புள்ளிதான் தெரியும். ஆகவே பழைய பொம்மைகளில் கண்ணுக்கு ஒரு புள்ளி, கன்னத்துக்கு ஒரு ரோஜா வட்டம் என்று நிறுத்திக்கொண்டதை அவசர வேலை என்று தள்ளிவிட முடியாது. ஒளியியலும் அந்தச் சிக்கனத்தின் பக்கமே நிற்கிறது.

கையிலெடுத்துப் பார்ப்பதற்காகத் தீட்டுவோர் வெள்ளை விழியையும் சேர்க்கிறார்கள். அங்கேதான் சிப்பாய் அரண்டுபோகிறார். இயல்பான பார்வையில் மேலிமை கருவிழியின் மேல் விளிம்பைச் சற்றே மறைத்திருக்கும். கருவிழியைச் சுற்றி வெள்ளை முழுவதும் தெரிந்தால், நம் மூளை அதை அச்சமாகவே படிக்கிறது. கருவிழியை இமைக் கோட்டோடு ஒட்டவைத்து, தூய வெள்ளைக்குப் பதில் சாம்பல் கலந்த வெள்ளையை இட்டால் அந்த மிரட்சி அடங்கிவிடும். இரு கண்களும் நேரே பார்ப்பதாகத் தீட்டினால் மயிரிழைப் பிசகுகூட மாறுகண்ணாகத் தெரியும் என்பதால், ஒரு பக்கமாகச் சற்றே திரும்பிய பார்வையைப் பலர் விரும்புகிறார்கள்.

சுட்ட மண் வண்ணத்தின் நீரை உறிஞ்சிக்கொள்ளும், உலோகம் உறிஞ்சாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் பரவாமல் முத்தாகத் திரளும். எனவே பொம்மையைக் கழுவி, பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசிய பிறகே முகத்தைத் தொட வேண்டும். மிக மெல்லிய தூரிகையே சிறந்தது என்று நினைப்பது தவறு: அதில் தங்கும் துளி அவ்வளவு சிறியதாதலால், மதுரைச் சித்திரை வெயிலில், நீரில் கரைக்கும் அக்ரிலிக் வண்ணம் முகத்தை எட்டுமுன்னே நுனியில் உலர்ந்துவிடும். வயிறு பருத்து நுனி கூர்ந்த தூரிகை, வண்ணத்தைத் தேக்கிவைத்து நுண்புழை விசையால் நுனிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எண்ணெய் வண்ணம் நீரை இழந்து உலர்வதில்லை, காற்றின் ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்தே இறுகுகிறது. திருத்துவதற்கு மணிக்கணக்கில் நேரம் தருகிறது.

முகம் உலர்ந்தபின் கண்ணின் மீது மட்டும் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் வைப்பதுண்டு. மேடாக உறையும் அத்துளி குட்டிக் குவியாடியாகி அறையின் விளக்கைப் பிரதிபலிக்கிறது. நாம் நகர்ந்தால் அந்த ஒளிப்பொட்டும் நகர்கிறது.