ஜீப்பைத் தூக்குவதற்கு முன்: லிஃப்ட் கிட்டும் 52-ஆவது பிரிவும்

முதல் முறை பாறைப் பாதையில் இறங்கி, வண்டியின் அடிவயிறு 'கரக்' என்று உரசுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அடுத்து வரும் யோசனை அநேகமாக ஒன்றுதான்: வண்டியைக் கொஞ்சம் தூக்கிவிடலாமா? வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட்டை மாட்டுகிறவரிடம் கேட்டால், இரண்டு அங்குலம்தானே, ஒரே நாளில் முடித்துவிடலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பார். அந்தக் கடைசி வார்த்தையை நம்பிப் பணத்தைப் போடுவதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

வண்டியில் மாற்றம் செய்வதற்கு இந்தியாவில் அடிப்படைச் சட்டம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், இருக்கும் விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து விலகிப்போகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்பதுதான் அதன் சாரம். எதை 'மாற்றம்' என்பது என்பதற்கும் அங்கேயே விளக்கம் இருக்கிறது: வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடுகிற கட்டமைப்பு மாற்றம். சி.என்.ஜி. கிட் போடுவதற்கும், மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கேற்ப மாற்றுவதற்கும் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். ஆஃப்ரோடு, அதாவது சாலையில்லாத கரடுமுரடான இடங்களுக்குப் போக வேண்டும் என்பதற்கு அப்படி ஒரு விலக்கு கிடையாது.

கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. பதிவுக்காகத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களை மாற்ற முடியாது, மாநில விதிகளைக் காட்டியும் அதைத் தாண்ட முடியாது என்று சொல்லிவிட்டது.

"என் ஆர்.சி.யில் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று ஒரு கட்டமே இல்லையே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாடி வகை, வீல்பேஸ், காலி எடை, இருக்கை எண்ணிக்கை, நிறம் எல்லாம் இருக்கும், தரையிலிருந்து உயரம் இருக்காது. அதனால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது 52-க்குள் வராது என்று வாதாடுகிறவர்கள் உண்டு, அந்த வாதத்தில் சத்தும் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் சொல்லப்போவது வண்டியை நிறுத்திய பிறகு, அபராதத்தை எதிர்த்து. அதுவே பாடி லிஃப்ட், அதாவது சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டைகள் வைத்து உயர்த்துவது என்றால் வாதம் இன்னும் பலவீனம், ஏனென்றால் கட்டமைப்பில்தான் நேராகக் கை வைக்கிறீர்கள். கூடவே கனமான இரும்பு பம்பரும் வின்ச்சும் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் வட எந்திரம்) ஏறினால் காலி எடை மாறும், அதற்கு ஆர்.சி.யில் கட்டம் இருக்கிறது! முன்னால் போடும் இரும்புக் காவல் கம்பிகளைப் பற்றி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதி, அவை 52-ஆவது பிரிவுக்கு எதிரானவை என்று நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

சரி, பிடிபட்டால்? 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள், லிஃப்ட், டயர், பம்பர் என்று மூன்றாக எண்ணினால் 15,000. வண்டி சட்டத்தின் தேவைகளுக்குப் பொருந்தவில்லை என்று கருதினால் 53-ஆவது பிரிவின் கீழ் பதிவையும் நிறுத்திவைக்கலாம். எனக்கு இதைவிடப் பெரிய கவலை இன்சூரன்ஸ்தான், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளைமை மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்பது வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தால் புரியும். மாருதி ஜிம்னி மாதிரி முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திடமான அச்சு) உள்ள வண்டியில் உயரமான ஸ்பிரிங் போட்டால் சேஸிஸ் மேலே போகும், ஏற்றத்தில் மூக்கு இடிக்காது, மேட்டின் உச்சியில் நடுவயிறு மாட்டாது, இதெல்லாம் உண்மையான ஆதாயம். ஆனால் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஆக்ஸிலோடு இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டும்தான், அதிலும் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் உயரம் கூடுவது ஒரு அங்குலம். இதற்குக் கொடுக்கும் விலையோ நிறைய: புவியீர்ப்பு மையம் மேலே போய் வளைவில் கவிழும் அபாயம் கூடும், ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்க உதவும் காஸ்டர் கோணம் குறைந்து நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலையும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடி ஜாயின்ட் தேயும், பிரேக் ஹோஸ் எட்டாமல் இழுபடும், பழைய உயரத்துக்கு அளவு பார்த்து வைத்த இ.எஸ்.சி. (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) எதிர்பார்த்தபடி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், எண்பது என்று காட்டும்போது அதற்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். இந்த எல்லா அம்சங்களையும் சேர்த்துத்தான் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற சோதனை மையங்கள் ஒரு மாடலுக்குச் சான்று கொடுக்கின்றன. லிஃப்ட் செய்த வண்டி அந்தச் சான்று பெற்ற வண்டி இல்லை.

சட்டத்துக்குள் நின்றே செய்யக்கூடியவை இருக்கின்றன. உங்கள் மாடலின் வேறு வேரியண்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் டயர் அளவு என்ன என்று முதலில் பாருங்கள். மஹிந்திரா தாரில் 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என்று இரண்டும் வந்திருக்கின்றன, கணக்குப் போட்டால் இரண்டாவதன் விட்டம் சுமார் 15 மில்லிமீட்டர் அதிகம், ஆக 7 மில்லிமீட்டர் உயரம். சின்னது போலத்தான் தெரியும். ஆனால் தாருக்கு 226, ஜிம்னிக்கு 210 மில்லிமீட்டர் என்று கம்பெனி கொடுத்திருக்கும் உயரமே நல்ல பாதை பார்த்து ஓட்டினால் நிறைய இடங்களுக்குப் போதும். அடித்தகடு போட்டுக்கொண்டால் உரசினாலும் சேதம் குறையும்.

அதற்கும் மேலே உயரம் வேண்டும் என்றால், கிட் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அப்படியே. போட்டிக்காக மட்டும் வண்டி கட்டுகிறவர்கள் அதை லாரியில் ஏற்றித் தனியார் நிலத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுவது சரியான வழி. ஆனால் பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் சட்டப்படி 'பொது இடம்', அது தார் போட்ட சாலையாக இருக்க வேண்டியதில்லை, ஆற்றுப்படுகைத் தடமும் அதில் வரலாம்.

அப்புறம், ஏற்கெனவே தூக்கிய பழைய ஜீப்பை வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஒரிஜினல் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இருக்கிறதா என்று கேட்டு வண்டியோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார், அன்றைக்கு அவை தேவைப்படும்.