கறுத்த எண்ணெயே நல்ல எண்ணெய்

"காருக்கு விலை உயர்ந்த முழுச் செயற்கை ஆயில்தான் நல்லது என்கிறார்கள். சின்ன விமானத்துக்கு மட்டும் ஏன் கனிம எண்ணெய்?" வாசகர் ஒருவரின் கேள்வி இது. கனிம எண்ணெய் என்பது கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது. அவர் கேட்பது செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்களின் பிஸ்டன் இன்ஜினைப் பற்றி. ஜெட் இன்ஜினில் ஓடுவது செயற்கை எண்ணெய்தான்; அது தனிக் கதை.

இந்த பிஸ்டன் இன்ஜின்கள் காற்றால் குளிர்பவை. சிலிண்டர் நன்றாகச் சூடேறி விரியும் என்பதால் பிஸ்டனுக்குக் கொஞ்சம் தாராளமாகவே இடைவெளி விட்டிருப்பார்கள். அதன் வழியே ஆயில் மேலேறி எரியும். பத்து மணி நேரப் பறப்புக்கு ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குடித்தால் யாரும் கவலைப்படுவதில்லை. கார் ஆயிலில் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகச் சேர்மங்கள் இருக்கும். அவை எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பல் எரியறையில் படிந்து கங்குபோல் கனன்றால், பிளக் பொறி தட்டும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும். பிஸ்டன் ஓட்டையாக அது போதும்.

அடுத்த வில்லன் ஈயம். இந்தியாவில் கார் பெட்ரோலிலிருந்து 2000-இல் ஈயம் போய்விட்டது. விமானங்களுக்கான 100எல்எல் என்ற 'குறை ஈய' பெட்ரோலில் இன்னும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை இருக்கலாம். மணிக்கு 32 லிட்டர் குடிக்கும் இன்ஜினில் ஒரு மணி நேரத்தில் 18 கிராம் வரை ஈயம் நுழைகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியேறும். மிச்சம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டிக் கசியும் வாயுவோடு கீழிறங்கி ஆயிலில் கலக்கும். மாற்று எரிபொருள் ஆராய்ச்சிக்கு முன்பே தாராளமாகப் பணம் ஒதுக்கியிருந்தால் இந்தத் தொல்லை எப்போதோ தீர்ந்திருக்கும் என்பது என் கட்சி.

அதுவரை காவல் காப்பது சாம்பலற்ற டிஸ்பர்சன்ட், அதாவது அழுக்கைத் திரளவிடாமல் ஆயிலில் பிரித்து வைக்கும் சேர்மம். அதன் மூலக்கூறுக்கு நைட்ரஜன் கொண்ட தலை. ஆயிலில் கரையும் நீண்ட ஹைட்ரோகார்பன் வால். ஈயத் துகளோ கரித்துகளோ கண்ணில் பட்டால் தலைகள் எல்லாப் பக்கமும் அதில் ஒட்டிக்கொள்ளும், வால்கள் வெளியே சிலிர்த்து நிற்கும். பலாப்பழ முள்போலச் சிலிர்த்த இரண்டு துகள்கள் நெருங்கி வந்தாலும் வால்கள் இடித்துக்கொள்வதால் ஒட்ட முடியாது. துகள்கள் திரண்டு பிசுக்காகாமல் ஆயிலிலேயே மிதக்கும். ஆயிலை வடிக்கும்போது கூடவே போகும். உலோகம் துளியும் இல்லாததால் எரிந்தாலும் சாம்பல் கிடையாது. இரண்டு வேலையும் ஒரே மூலக்கூறில்! ஆகவே சில மணி நேரத்திலேயே ஆயில் கறுத்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். "கறுத்துவிட்டது, கெட்டுவிட்டது" என்பது வெறும் மூடநம்பிக்கை.

இனி வாசகரின் கேள்விக்கு வரலாம். முழுச் செயற்கை ஆயிலின் அடிப்படையான பிஏஓ (பாலிஆல்ஃபாஓலிஃபின்) என்ற செயற்கை எண்ணெய் சூட்டைத் தாங்கும், குளிரிலும் ஓடும். ஆனால் ஈயக் கழிவைத் தன்னுள் வைத்திருக்கும் திறன் அதற்குக் குறைவு. மொபில் ஏவி1 என்ற ஆயிலை நம்பிப் போட்டவர்களின் இன்ஜின்களில் சாம்பல் நிறப் பிசுக்கு சேர்ந்து, 1990-களில் அது சந்தையை விட்டே போனது. பாதி கனிமம், பாதி செயற்கை என்ற 15டபிள்யூ-50 மட்டும் நிலைத்துவிட்டது.

டப்பாவில் உள்ள எண்ணும் ஆளைக் குழப்பும். டபிள்யூ100 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பதல்ல. டிஸ்பர்சன்ட் இருக்கிறது என்று சொல்கிறது. ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எஸ்ஏஇ அளவில் 100 என்பது எஸ்ஏஇ 50, 80 என்பது எஸ்ஏஇ 40. இன்ஜின் தயாரிக்கும் லைகாமிங் நிறுவனத்தின் கணக்கில் வெளியே 16 டிகிரி செல்சியஸுக்கு மேல் எஸ்ஏஇ 50 போடலாம். நம் ஊர் வெயிலுக்கு ஆண்டு முழுக்க அதுவே சரி. அடிக்கடி நிறுத்தி வைக்கும் விமானத்துக்கும் இந்தக் கெட்டி ஆயிலையே சொல்வேன். அது மெதுவாகத்தான் வடியும். லைகாமிங்கில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. ஆயில் வடிந்ததும் கடற்கரை ஈரத்தில் துருப்பிடிக்கும்.

புது இன்ஜினுக்கு முதல் 50 மணி நேரம், அல்லது ஆயில் குடிப்பது ஒரு நிலைக்கு வரும்வரை, டிஸ்பர்சன்ட் இல்லாத கனிம எண்ணெய். டர்போசார்ஜர் உள்ளவற்றுக்கும் வேறு சில மாடல்களுக்கும் இது பொருந்தாது, கையேட்டைப் பாருங்கள். வெகுகாலம் டிஸ்பர்சன்ட் இல்லாத கனிம எண்ணெயிலேயே ஓடிய பழைய இன்ஜினில் திடீரென டிஸ்பர்சன்ட் ஆயில் ஊற்றினால் பழைய கசடு பெயர்ந்து சல்லடையை அடைக்கும். அப்படி மாற்றினால் ஆரம்பத்தில் சல்லடையை அடிக்கடி கழற்றிப் பாருங்கள். ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரத்துக்கு, சல்லடை மட்டும் என்றால் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். பறக்காமல் நின்றாலும் நான்கு மாதம்தான் கெடு. கழற்றிய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்து, காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டுவது எஃகுத் தூள். கேம்ஷாஃப்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.