மூன்று சங்கிலியும் ஓர ஓட்டையும்

சமூக மன்றத்தில் குரோஷா (கொக்கி ஊசியால் நூல் பின்னும் கலை) கற்றுவரும் வாசகி ஒருவர், தாம் பின்னும் மேசை விரிப்பின் இரு ஓரங்களிலும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் ஓட்டை விழுவது ஏன் என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு வரிசையையும் விதிப்படி மூன்று சங்கிலியில்தான் (கண்ணிக்குள் கண்ணியாக நூலை இழுத்துப் போடுவது சங்கிலி) தொடங்குகிறாராம். அந்த மூன்று சங்கிலிதான் ஓட்டைக்குக் காரணம்.

குரோஷாவில் ஊசியில் எஞ்சி நிற்பது ஒரே கண்ணி. துணியைத் திருப்பும்போது அது பழைய வரிசையின் உச்சியில் இருக்கும். அதைப் புதிய வரிசையின் உயரத்துக்கு ஏற்றிவிடவே சங்கிலி போடுகிறோம். பின்னல் வகையின் உயரத்தைப் பொறுத்து, சிங்கிள் குரோஷாவுக்கு 1, ஹாஃப் டபுளுக்கு 2, டபுளுக்கு 3, டிரெபிளுக்கு 4 என்பது வழக்கம். இவை அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் புத்தகங்களில் இந்தச் சிங்கிளையே டபுள் என்று குறித்திருப்பார்கள்.

டபுள் குரோஷாவுக்கு முதலில் நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொண்டு, கீழ்ப் பின்னலுக்குள் நுழைத்து ஒரு கண்ணியை இழுத்தால், ஊசியில் மூன்று கண்ணிகள் சேரும். அவற்றை இரண்டிரண்டாகக் கழிக்கிறோம். முதலில் சுற்றிய அந்த நூல், பின்னலின் குறுக்கே சாய்வாகப் படிந்து அதைத் தடித்த தூணாக்கிவிடுகிறது. சங்கிலிக்கு அந்தச் சுற்றும் இல்லை, அதன் அடியில் ஊசி நுழைவதும் இல்லை. ஆகவே அது மெலிந்து, இழுபட்டு, வெளிப்பக்கமாகச் சாய்கிறது. அந்தச் சங்கிலியே வரிசையின் முதல் பின்னலாகக் கணக்கில் சேர்வதால், அடுத்த டபுளோ இரண்டாம் பின்னலில்தான் காலூன்றுகிறது. இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளியே ஓட்டை. கம்பளி நூலின் இழைகள் இயல்பாகவே நெளிந்தவை. இழுத்தால் நீண்டு, விட்டால் மீண்டு, அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பிவிடும். சிங்கப்பூரின் புழுக்கத்துக்கு இதமென்று நாம் எடுக்கும் பருத்தி நூலில் அந்த மீள்தன்மை குறைவு என்பதால் ஓட்டை பளிச்சென்று தெரிகிறது.

சிலர் இரண்டே சங்கிலி போட்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல், முதல் பின்னலிலேயே டபுள் போடுவார்கள். ஓட்டை மறையும், ஆனால் ஓரம் சற்றே புடைக்கும். நான் விரும்புவது சங்கிலியே இல்லாத முறை: திருப்பியவுடன் முதல் பின்னலில் ஒரு சிங்கிள் போட்டு, வலக்கைக்காரராயின் அந்தச் சிங்கிளின் இடக்காலுக்குள் (இடப்பக்கம் நிற்கும் செங்குத்து இழைக்குள்) ஊசியை நுழைத்து, அதன்மேல் இன்னொரு சிங்கிள். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரு டபுளின் உயரத்துக்கு வந்துவிடும், பருமனும் ஒத்துப்போகும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. மூன்று சங்கிலியின் உச்சியைப் புதியவர்கள் கவனிக்காமல் விட்டால், வரிசைக்கு ஒரு பின்னல் குறைந்து துணி ஒடுங்கிக்கொண்டே போகும். சிங்கிளின் உச்சி எல்லாப் பின்னலையும் போலவே இருப்பதால் அங்கே கண் தவறுவது அரிது. எண்ணிக்கைதான் வடிவம். அதை மாறாத விகிதத்தில் கூட்டிக்கொண்டே போய்த்தான், 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கணிதவியலாளர் டாய்னா டைமினா, பள்ளியில் படிக்கும் யூக்ளிட் வடிவியலுக்குள் அடங்காமல், அலையலையாக நெளிந்து விரியும் அதிபரவளையத் தளத்தைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி பின்னிக்காட்டினார். வடிவியல் வகுப்பில் நூலுக்கும் ஊசிக்கும் பள்ளிகள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

வாசகி தம் விரிப்பைப் பிரிக்க வேண்டியதில்லை. அடுத்த வரிசையிலிருந்து முறையை மாற்றிக்கொண்டு, முடிவில் நான்கு ஓரங்களையும் சிங்கிள் குரோஷாவால் ஒரு சுற்றுப் பின்னினால், பழைய ஓட்டைகள் அவ்வளவாகக் கண்ணில் படாது.