பலகையின் விளிம்பைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கினால் சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் எங்கள் தச்சுப் பட்டறைக்கு வேறு மாதிரியான ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். கையில் தொலைபேசி, அதில் ஒரு காணொளி, பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. "அண்ணே, கழிச்சுப் போட்ட பலகை ஏதாச்சும் இருக்கா? தம்பிக்கு ஸ்கேட்போர்டு செஞ்சு கொடுக்கணும்." அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து மரவேலை செய்வது நல்ல விஷயம். ஆனால் கழித்துப் போட்ட பலகையை மட்டும் நான் கொடுப்பதில்லை.

கடையில் விற்கும் ஸ்கேட்போர்டுப் பலகை பெரும்பாலும் வட அமெரிக்க மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய தகடுகளை ஒட்டி அழுத்தியது. ஒரு தகடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். மொத்தம் 11 மி.மீ. போல வரும். பொதுவாக ஐந்து தகடுகளில் மரத்தின் ரேகை நீளவாட்டில் ஓடும், இரண்டில் குறுக்கே ஓடும். பலகை நீளவாக்கில் பிளந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அந்த இரண்டும்தான். ஒற்றைப் பைன் பலகையில் அந்தக் குறுக்குப் பிடிமானம் கிடையாது. சக்கர அச்சைத் தாங்கும் டிரக் ஒவ்வொன்றுக்கும் நான்கு துளை போடுகிறோம். ஒரே ரேகையில் வரிசையாகத் துளை போட்டுவிட்டு அதன்மேல் பிள்ளையைக் குதிக்கச் சொன்னால், விறகு பிளக்கிற மாதிரி பிளக்கும்.

அலமாரி செய்து மிஞ்சிய பிளைவுட்? இதுதான் ஏமாற்றும். போன ஆண்டு ஒருவர் உடைந்த பலகை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மேலே தேக்கு ரேகை, பளபளவென்று வார்னிஷ், ஓரமெல்லாம் அழகாக உருட்டியிருந்தார். முன் டிரக்கின் போல்டுகளுக்குப் பின்னால் குறுக்கே முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் பார்த்தால், நடுத் தகட்டில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. அலமாரி சுமைக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. ஸ்கேட்போர்டுக்கு அதுவே முறியும் இடம். பையனுக்கு மணிக்கட்டு எலும்பு விரிசலோடு போயிற்று.

அதனால் பலகை வாங்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். நல்ல 12 மி.மீ. பர்ச் பிளைவுட்டில் ஒன்பது தகடுகளை எண்ணலாம். அதே தடிமனுள்ள சாதாரண அலமாரிப் பிளைவுட்டில் தகடுகள் குறைவு, நடுத் தகடு தடிப்பாகவும் சொதசொதவென்றும் இருக்கும். விளிம்பில் கறுப்பு ஓட்டை தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே யாரோ போட்டுவிட்டுப் போன அலமாரிக் கதவு என்றால் பேச்சே இல்லை. அது பெரும்பாலும் மரத்துருவலை அழுத்திச் செய்த பலகை. அதிர்ச்சி விழ விழ போல்ட் துளை பெரிதாகிக்கொண்டே போகும்.

இங்கே இன்னொரு தொல்லை ஈரம். வறண்ட ஊரில் கார் கொட்டகையில் காணொளிக்காகச் செய்து காட்டுபவருக்கு அந்தக் கவலை இல்லை. நம் காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விளிம்பையும் துளைகளின் உட்புறத்தையும் பூசி அடைக்காவிட்டால், ஈரம் அந்த வழியாக ஏறித் தகடுகள் வாய் பிளக்கும்.

டிரக்கை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். துளைகளுக்கு இடையே அகலவாட்டில் 41 மி.மீ., நீளவாட்டில் 54 மி.மீ. (பழைய வகைக்கு 63.5). துளைக்கு 5 மி.மீ. பிட் போதும். நட்டுக்குள் நைலான் வளையம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்விலேயே கழன்றுவிடும். இரண்டு டிரக்கின் நடுவில் இருக்கும் தடித்த போல்டும் பலகையின் மையத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். திருப்பி மாட்டினால் இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் திரும்பும். பிள்ளை விழுந்த பிறகுதான் காரணம் புரியும். முடிந்ததும் முதலில் நீங்கள் ஏறி நின்று மெதுவாக ஆட்டிப் பாருங்கள். 'கிரீச்' என்றோ 'டக்' என்றோ சத்தம் கேட்டால் பலகையைக் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

செய்யும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், ஆகவே அங்கே மேசை போட்டு அறுக்க முடியாது. உப்புத்தாள் தேய்க்கிற தூள் மூக்குக்குள் போகும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. அது எங்களைப் போல ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களின் கவலை. ஒரு பலகைக்காக நீங்கள் நடுங்க வேண்டாம். இருந்தாலும் என்95 முகக்கவசம் போடுங்கள், படுக்கையறையில் தேய்க்காதீர்கள்.

பலருக்கும் தெரியாத ஆபத்து எண்ணெய்த் துணி. ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், அது காய்கிறபோது உண்டாகும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். அப்படியே குப்பைக் குழாயில் போட்டால் கீழே என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். துணியை விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, கீழ்த்தளத் தூண்களுக்கு நடுவே ஓட்டாமல் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் சறுக்குத் திடலுக்குப் போவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

சில பையன்கள் அடுத்ததாக மோட்டாரும் பேட்டரியும் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். பொதுப் பாதையில் ஓட்டும் மோட்டார் சாதனத்துக்கு யுஎல் 2272 தீப்பாதுகாப்புச் சான்று வேண்டும் என்பது 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் விதி. வீட்டில் ஒட்டிச் செய்ததற்கு அந்தச் சான்று இருக்காது. கேட்கிற அளவில் பலகை வெட்டித் தருகிறேன் தம்பி, பேட்டரிக்குக் குழி மட்டும் தோண்டித் தர மாட்டேன்.