கடற்பஞ்சுக்கும் கடல்புல்லுக்கும் சட்டத்தில் என்ன பாதுகாப்பு?

பவளப்பாறையை உடைக்கக் கூடாது, கடல் அட்டையைப் பிடிக்கக் கூடாது என்பது மன்னார் வளைகுடாக் கரையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பாறையில் ஒட்டி வளரும் கடற்பஞ்சு என்ற விலங்கையும், பாறைக்கும் கரைக்கும் நடுவே கிடக்கும் கடல்புல்லையும் பற்றிக் கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். சட்டம் இவற்றை இரண்டு வழிகளில் காக்கிறது. ஒன்று, உயிரின் பெயரைப் பட்டியலில் சேர்ப்பது. மற்றொன்று, அது வாழும் இடத்தைக் காப்பது. எது எந்த வழியில் வருகிறது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பெயர் வழியை முதலில் பார்ப்போம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-ல் அதன் முதல் அட்டவணைக்குள், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள பட்டியலுக்குள், வந்தன. கடற்பஞ்சும் அதே ஆண்டில் மூன்றாம் அட்டவணையில் சேர்ந்தது. ஆனால் எல்லாக் கடற்பஞ்சும் சேரவில்லை, சுண்ணாம்பு முள் கொண்ட வகை மட்டும்தான். உலகில் உள்ள கடற்பஞ்சு இனங்களில் அது சிறு பங்கு. பாறையில் நாம் பார்க்கும் பெரிய பஞ்சுகளில் பெரும்பாலானவை வேறு வகுப்பைச் சேர்ந்தவை. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அட்டவணைகள் மாற்றி அடுக்கப்பட்டுவிட்டன. அதனால் பழைய அட்டவணை எண்ணை வைத்துக்கொண்டு யாரோடும் வாதாட வேண்டாம். இன்றைய நிலையில், முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

இந்தப் பட்டியல் போதாது என்பது என் கருத்து. கடற்பஞ்சு ஒரு நாளில் தன் உடல் அளவைப் போலப் பல ஆயிரம் மடங்கு நீரை உறிஞ்சி வடிகட்டிவிடும். நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளைப் பெரும்பாலான உயிர்களால் நேரடியாகத் தின்ன முடியாது. பஞ்சு அதை எடுத்து, தன் பழைய செல்களைத் துகள்களாக உதிர்க்கிறது. நண்டும் புழுவும் அந்தத் துகள்களைத் தின்கின்றன, அவற்றை மீன் தின்கிறது. சத்து குறைந்த தெளிந்த நீரில் இத்தனை உயிர்கள் பிழைக்க இதுவும் ஒரு காரணம். பவளத்தைத் துளைத்து அரிக்கும் பஞ்சுகளும் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நீர் கெட்டால் அவைதான் பெருகும். பஞ்சைக் காப்பதற்கு நீரையும் காத்தாக வேண்டும்.

சரி, இனி இடம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலுமாகச் சுமார் 560 சதுர கிலோமீட்டர். இவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. முன்பு அங்கே பவளம் வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். தேசியப் பூங்காவுக்குள் வன உயிர் எதையும் அனுமதியின்றி அழிக்கவோ எடுக்கவோ கூடாது என்கிறது வன உயிரினச் சட்டத்தின் 35-வது பிரிவு. ‘வன உயிர்’ என்பதற்குச் சட்டம் தரும் பொருளில் நீர்த்தாவரமும் அடக்கம். ஆக, பூங்காவுக்குள் எந்த வகைக் கடற்பஞ்சு என்று பார்க்கத் தேவையில்லை. கடல்புல்லுக்கும் அதே காவல் உண்டு.

பூங்காவுக்கு வெளியே இருக்கும் கடல்புல்லுக்கு 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறது. பவளப்பாறை, அலையாத்திக் காடு ஆகியவற்றோடு கடல்புல் படுகையையும் அது மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள 1-அ பிரிவில் வைக்கிறது. புல் அங்கே மண்ணைப் பிடித்து வைக்கிறது, கலங்கலைப் படியவைத்துப் பவளத்துக்குத் தெளிந்த நீரை அனுப்புகிறது. ஓரா மீனும் இறாலும் குஞ்சாக வளர்வதும் அங்கேதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிவிக்கை நடைமுறைக்கு வருவது வரைபடத்தின் வழியாக. கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் உங்கள் ஊர்ப் படுகை விட்டுப்போயிருந்தால், அதன் மேல் ஒரு திட்டம் வரும்போது தடுப்பது கடினம். வரைவு வரைபடத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும் என்பது விதி. எந்த இடத்தில் புல் இருக்கிறது என்று வலை போடுபவருக்குத் தெரியும் அளவுக்குச் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. கேட்கும்போது சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கான, அதாவது கடல் பசுவுக்கான, பாதுகாப்பகம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் சுமார் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஆவுளியாவின் உணவு கடல்புல் என்பதால் இது புல்லுக்கான காவலும்தான். பாதுகாப்பகத்தில் வெடியும் நச்சுப்பொருளும் பயன்படுத்தத் தடை. அதன் மேலாண்மைக் குழுவில் எல்லைக்குள் வரும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும் என்கிறது வன உயிரினச் சட்டத்தின் 36-ஆ பிரிவு. உங்கள் ஊராட்சியின் சார்பில் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

மீறலைப் பார்த்தால் பூங்கா எல்லைக்குள் வனத்துறையிடம் சொல்லலாம், வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. மற்ற இடங்களுக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோரக் குழுவிடம் மனு கொடுக்கலாம். மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். மனுவில் நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதுங்கள். கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடைத்தால் அதையும் சேருங்கள். கடலில் ‘அந்த மேட்டுக்குப் பக்கத்தில்’ என்று எழுதினால் அதிகாரியால் வரைபடத்தில் தேட முடியாது.