கரூசோவைக் கேட்ட கூம்பு

இத்தாலிய ஆபராப் (பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகம்) பாடகர் என்ரிகோ கரூசோ பாடிய பழைய இசைத்தட்டு ஏதாவது ஒன்றை இணையத்தில் தேடிக் கேட்டுப் பாருங்கள். முதலில் வருவது விடாத இரைச்சல். அப்புறம் மங்கலாக, அடித்தளமே இல்லாமல் ஒரு வாத்தியக்குழு. அதற்கு முன்னால், நூறு வருஷத்துக்கு முந்தையது என்று நம்பவே முடியாத தெளிவோடு ஓர் ஆண் குரல். வாத்தியங்களை அமுக்கிப்போட்ட அதே கருவி இந்தக் குரலை மட்டும் எப்படி விட்டுவைத்தது? கரூசோ மகா பாடகர் என்பது பதிலில் பாதி. மறுபாதி இயற்பியல். அது தெரிந்துவிட்டால் அந்தத் தட்டுகளைக் கேட்கும் விதமே மாறிவிடும்.

கரூசோ 1873இல் நேப்பிள்ஸில் பிறந்தவர். 1902இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் அவர் பாடுவதைக் கேட்ட கிராமபோன் கம்பெனி ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க், ஏப்ரல் 11ஆம் தேதி கிராண்ட் ஹோட்டல் அறை ஒன்றில் கருவியைப் பூட்டி, ஒரே பிற்பகலில் பத்துப் பாட்டுகளைப் பதிவுசெய்தார். பேசிய சம்பளம் 100 பவுன். அதே ஆண்டு நவம்பரில் இதே கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானைப் பதிவுசெய்தார், முறையும் இதேதான். கரூசோ 1903இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் அறிமுகமானார், 1904 முதல் விக்டர் கம்பெனிக்குப் பாடினார். கடைசிப் பதிவு 1920 செப்டம்பரில். இந்தப் பதினெட்டு வருஷத்தில் பதிவு அறையில் அவர் முன்னால் ஒரு தடவைகூட மைக் இருந்ததில்லை.

இருந்தது ஒரு கூம்பு. அதன் அகன்ற வாய்க்கு நேராக நின்று பாட வேண்டும். உள்ளே போகும் காற்றலைகள், கூம்பு குறுகக் குறுக நெருக்கப்பட்டு, மறுமுனையில் இருக்கும் மெல்லிய தகட்டை அதிரவைக்கும். தகட்டோடு ஒரு சின்ன நெம்புகோல், அதன் நுனியில் ஒரு வெட்டுக்கூர். கூருக்குக் கீழே தடித்த மெழுகுத்தட்டு ஒன்று, மேலிருந்து எடைக்கல் இறங்கும் விசையில் சீராகச் சுழலும். தகடு அதிர, கூர் இடமும் வலமுமாக ஆடி, மெழுகில் நெளிநெளியான ஒரு தடத்தை வெட்டிக்கொண்டே போகும். அந்த வெட்டுக்கூரை ஆட்டும் சக்தி முழுவதும் பாடகரின் மூச்சிலிருந்து வர வேண்டும். அதை வாங்கிப் பெருக்கித் தர ஆம்ப்ளிஃபயர் எதுவும் கிடையாது.

அதனால் பதிவு அறையே ஒரு விசித்திரமான இடமாக இருந்தது. உச்சஸ்தாயியில் முழுக்குரலில் பாடினால் கூர் தாறுமாறாக ஆடித் தடத்தைக் கெடுத்துவிடும். எனவே பாடகர் அந்த இடம் வரும்போது பின்வாங்க வேண்டும், மெல்லிய சுரத்துக்கு மறுபடி கூம்பை ஒட்டி வர வேண்டும். வயலினின் ஓசை கூம்புக்கு எட்டாது என்பதால், மரப்பெட்டிக்குப் பதில் தகடும் உலோகக் கூம்பும் பொருத்திய ஸ்ட்ரோ வயலின்களை வாசித்தார்கள். டபுள் பேஸ் என்ற பெரிய தந்திவாத்தியம் வாசிக்க வேண்டிய இடத்தில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை ஊதினார்கள். எழுதிய இசையில் இல்லாத டியூபா பழைய தட்டுகளில் உறுமுவதற்குக் காரணம் இதுதான். பதிந்ததை அங்கேயே போட்டுக் கேட்டுத் திருத்தவும் வழியில்லை. மெழுகில் ஊசியை வைத்து ஓட்டினால் தடம் அழிந்துவிடும். நான்கு நிமிஷப் பாட்டில் கடைசிச் சுரம் பிசகினாலும் புது மெழுகு எடுத்து முதலிலிருந்துதான்.

சரி, குரல் மட்டும் எப்படித் தப்பியது? கூம்பும் தகடும் எல்லா ஒலிகளையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. தோராயமாக 200 ஹெர்ட்ஸுக்குக் (நொடிக்கு 200 அதிர்வு) கீழே உள்ளவையும் 2500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவையும் பெரும்பாலும் காணாமல் போகும். டெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல் கொண்ட பாடகர், 400 ஹெர்ட்ஸில் ஒரு சுரத்தைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடவே 800, 1200, 1600, 2000, 2400 என்று மேற்சுரங்களும் எழும். ஆறுமே வரம்புக்குள் அடங்குகின்றன. ஒரு குரலை இன்னார் குரல் என்று காட்டுவது இந்த மேற்சுரங்களின் விகிதம்தான். உயிரெழுத்துகளை அடையாளம் காட்டும் அதிர்வெண்களும் பெரும்பாலும் இதே வரம்புக்குள் இருப்பதால் சொற்களும் சிதையவில்லை. அடிக்குரலில் முதல் அதிர்வெண் விழுந்துபோனாலும் பரவாயில்லை, மேற்சுரங்களுக்கு இடையே உள்ள இடைவெளியை வைத்து நம் மூளை அதை ஊகித்துக்கொள்ளும்.

இப்போது ஒரு சொப்ரானோ, அதாவது உச்சஸ்தாயிப் பெண்குரல் கொண்ட பாடகி, 1000 ஹெர்ட்ஸில் பாடுகிறார். 1000 பதியும், 2000 பதியும், 3000 வாசலிலேயே நின்றுவிடும். இரண்டே அதிர்வெண்களை வைத்துக்கொண்டு குரலின் நிறத்தைக் காட்ட முடியாது. புல்லாங்குழல்போல மொழுக்கென்று ஒலிக்கும். அந்தக் காலத்துப் புகழ்பெற்ற சொப்ரானோ நெல்லி மெல்பாவின் தட்டைக் கேட்டுவிட்டு 'இதற்கா இத்தனை புகழ்' என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூம்பு அவருக்குப் பெரிய அநியாயம் செய்திருக்கிறது. கரூசோவும் முழுசாகத் தப்பவில்லை. ஆபராப் பாடகர் குரல் வாத்தியக்குழுவைத் தாண்டி அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்பது 3000 ஹெர்ட்ஸை ஒட்டி அது ஈட்டும் தனி வலுவால். அந்த மினுக்கு, வரம்பின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு மங்கிவிட்டது.

இரைச்சலுக்கு வருவோம். அது வயதானதால் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். தேய்மானமும் சேரும் என்றாலும், தட்டு ஆலையிலிருந்து வந்த அன்றே அதில் இரைச்சல் இருந்தது. மெழுகின் மேல் கிராஃபைட் தூள் போன்ற மின்கடத்தும் பொடியைத் தடவி, மின்முலாம் முறையில் செம்பு படியவைத்து, அதிலிருந்து உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சைச் சூடான அரக்குக் கலவையில் அழுத்தினால் தட்டு தயார். பாரதத்தில் பாண்டவர்களுக்கு மாளிகை கட்டிய அதே அரக்கு. புரசு, இலந்தை மரக் கிளைகளில் ஒட்டிவாழும் சிறு பூச்சி சுரப்பது. உலகத்து இசைத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே போனது. சூட்டில் இளகி, ஆறினால் தடத்தின் நுணுக்கம் கெடாமல் இறுகும் குணத்துக்காக அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் தட்டில் பாதிக்கு மேல் கல்மாவும் கரிப்பொடியும்தான். தட்டை ஓட்டும் கிராமபோனில் ஊசி பொருத்திய தலைப்பாகம் 100 கிராமுக்கு மேல் கனக்கும். அதன் எஃகு ஊசியைத் தாங்கக் கடினமான கலவை வேண்டும். அதோடு அந்தக் கல்மாவு முதல் சில சுற்றுகளிலேயே ஊசி முனையைத் தேய்த்துத் தடத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியைத் தூக்கிப்போட வேண்டும். நாம் கேட்கும் இரைச்சல், ஊசி அந்தக் கல்மணிகள் மேல் ஓடும் சத்தம்.

இரைச்சலை ஓரளவு வடிகட்டலாம். கூம்பு பூசிய நிறத்தைக் கழுவுவதுதான் கஷ்டம். ஒவ்வொரு கூம்பும் தனக்குப் பிடித்த சில அதிர்வெண்களில் கூடுதலாக ஒத்ததிரும். அந்தக் கூம்புகளின் அளவுகள் நம்மிடம் இல்லை. 1970களில் யூட்டா பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்டாக்ஹாம் இதற்கு ஒரு வழி கண்டார். வாட்டர்கேட் விவகாரத்தில் அமெரிக்க அதிபர் நிக்சனின் ஒலிநாடாவில் பதினெட்டரை நிமிஷம் அழிந்துபோனதை ஆராய நீதிமன்றம் அமைத்த குழுவில் இருந்தவரும் இவரே. கரூசோ 1907இல் பாடிய, லியோன்கவாலோவின் 'பால்யாச்சி' ஆபராப் பாட்டு ஒன்றைக் கணினியில் ஏற்றிச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று கணக்கிட்டு, எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்தார். கறை படிந்த ஒரே லென்ஸில் எடுத்த ஆயிரம் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் முகங்கள் எல்லாம் கலங்கி, கறை மட்டும் துலங்கும் அல்லவா, அந்த மாதிரி. பாட்டு துண்டுக்குத் துண்டு மாறும், கூம்பு மாறாது. சராசரியில் இன்னும் ஒட்டியிருக்கும் பாட்டின் பொதுச் சாயலை நீக்க, அதே பாட்டை பிற்காலத்தில் நல்ல மைக்கில் பாடிய ஸ்வீடன் டெனர் யூஸ்ஸி பியோர்லிங் பதிவின் சராசரியைக் கழித்தார். மிஞ்சியது கூம்பு. அதற்கு நேர்மாறான வடிகட்டியைக் கணினியில் கட்டிப் பாட்டை அதன் வழியே விட்டார். 1976இல் ஆர்சிஏ கம்பெனி இப்படிச் சீராக்கிய பதிவுகளை வெளியிட்டது.

இதற்கும் எல்லை உண்டு. இரைச்சலுக்கு அடியில் புதைந்தே போன அதிர்வெண்ணைத் தூக்கிவிட்டால் இரைச்சலும் சேர்ந்தே எழும். மின்சார ஒலிப்பதிவு 1925இல் வந்தது. கரூசோ 1921 ஆகஸ்டிலேயே காலமானார். 1932இல் விக்டர் கம்பெனி பழைய பதிவுகளின் மேல் புது வாத்தியக்குழுவை ஒட்டி விற்றது. அவற்றைத் தவிர்க்கச் சொல்வேன். பின்னணி பளிச்சென்று இருப்பதால் குரல் இன்னும் மங்கலாகத் தோன்றுகிறது.

வீட்டுப் பரணில் அரக்குத்தட்டு இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு அதில் கரையும். பின்னால் வந்த எல்பி (வினைல்) தட்டுக்கான ஊசியையும் வைக்காதீர்கள். இதற்குச் சுமார் மூன்று மடங்கு அகலமான முனை வேண்டும். அப்புறம், இந்தத் தட்டுகளுக்குச் சொல்லப்படும் '78', அதாவது நிமிஷத்துக்கு 78 சுற்று, என்பதை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் வேகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறியது. 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறும், உயிரெழுத்துகளின் நிறமும் மாறும். எழுதிய சுருதியை ஸ்வரக்குறிப்பில் பார்த்து, ஒரு கீபோர்டில் ஒத்துப்பார்த்து வேகத்தை மெதுவாகக் குறைத்தால், ஓர் இடத்தில் குரல் இயல்பாக உட்காரும்.